சமைச்சவங்க எப்ப சாப்பிடறது?

வீட்டுல ஒரு பண்டிகை விருந்து நல்லபடியா நடந்துச்சான்னு எதை வச்சுச் சொல்வீங்க? இலையில எத்தனை பதார்த்தம்னு எண்ணியா? வந்தவங்க "பிரமாதம்"னு சொன்னதை வச்சா? பாத்திரமெல்லாம் காலியானதை வச்சா?

என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் இருக்கு. சமைச்சவங்க, வந்தவங்களோட சேர்ந்து உக்காந்து, சோறு சூடா இருக்கறப்பவே சாப்பிட்டாங்களா? ஆமான்னா அது விருந்து. இல்லைன்னா, மன்னிக்கணும், அது ஓவர்டைம். அதுவும் சம்பளம் இல்லாத ஓவர்டைம் :-)

இதை ஏன் எழுத வந்தேன்னா, எங்க கிளையில என்கூட வேலை பார்க்கிற தோழி ஒருத்தங்க. தஞ்சாவூர்ப் பக்கம், இப்ப செம்பூர்ல இருக்காங்க. 2025 தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, லஞ்ச் நேரத்துல டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு சாப்பிடாம உக்காந்திருந்தாங்க. என்னன்னு கேட்டேன். பத்தாவது படிக்கிற பொண்ணு சொல்லிடுச்சாம்: "அம்மா, இந்த வருஷம் வீட்டுல தீபாவளி வேண்டாம்மா. ஓட்டல்ல சாப்பிட்டுட்டு வந்துடலாம். தீபாவளின்னாலே நீ எல்லார் மேலயும் எரிஞ்சு விழறே."

"பதினஞ்சு வருஷமா முதுகு ஒடிய செஞ்சதுக்கு இதான் மிச்சமா?"ன்னு அவங்க கேட்டாங்க. எனக்கு அவங்க மேல பரிதாபம்தான். ஆனா அந்தப் பொண்ணு சொன்னதையும் தள்ள முடியலை. பதினாறு பலகாரம் அதுக்கு ஞாபகம் இல்லை. அம்மாவோட முகம்தான் ஞாபகம் இருக்கு.

ஊரை விட்டு வந்த நம்ம குடும்பங்கள்ல இந்த விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு. ஒண்ணு, "எல்லாத்தையும் நானே செய்வேன், எங்கம்மா செஞ்ச மாதிரியே செய்வேன்" கட்சி. இன்னொண்ணு, "யாருக்கு நேரம் இருக்கு, ஆர்டர் பண்ணிடு" கட்சி. ரெண்டாவது கட்சியைக் கிண்டல் பண்ண மாட்டேன். வயசானவங்க, தனியா இருக்கறவங்க, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கற வீடு, இவங்களுக்கு அதுதான் சரி. நான் மூணாவது கட்சி. பண்டிகைச் சாப்பாடு வீட்டுலயேதான் ஆகணும், ஆனா அது ராத்திரிச் சாப்பாடா இருக்கணும், பாதி அயிட்டம் குறையணும், எட்டு மணிக்கு அடுப்பு அணையணும்.

ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல நேரம். நம்ம ஊர்ல தீபாவளிங்கறது விடியக்காலைச் சமாசாரம். நாலு மணிக்கு எண்ணெய், சீயக்காய், வெந்நீர், புதுத்துணி, ஒரு உருண்டை லேகியம், "கங்கா ஸ்நானம் ஆச்சா?", அப்புறம் இட்லி. எட்டு மணிக்கெல்லாம் தெருவுல பாதிப் பட்டாசு காலி. மத்தியானம் பெரிய சாப்பாடு, அப்புறம் தூக்கம். சாயங்காலம் விளக்கு வைக்கிறப்ப நம்மளைப் பொறுத்தவரை தீபாவளி முடிஞ்சு போச்சு.

மும்பையிலயும் நரக சதுர்த்தசி விடியல்ல மராட்டிக்காரங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறாங்க. அப்யங்க ஸ்நானம்னு பேரு. காரிட்னு ஒரு சின்னக் கசப்புக் காயைக் காலால நசுக்கினா நரகாசுரனைக் கொன்ன கணக்கு. அதுவரைக்கும் அவங்களும் நாமும் ஒண்ணுதான். ஆனா ஊரே கொண்டாடறது அமாவாசை சாயங்காலம், லட்சுமி பூஜை அன்னிக்கு. ஒவ்வொரு பால்கனியிலயும் கந்தீல் தொங்கும், வாசல்ல ரங்கோலி இருக்கும், எல்லார் வீட்டுக் கதவும் திறந்திருக்கும். நாம காலையில நாலு மணிக்கு எழுந்திருச்ச களைப்புல அந்த நேரம் கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்போம்.

இதுல பேங்க் வேலையில இருக்கறவங்களுக்கு இன்னொரு கூத்து. எங்களுக்கு லீவுங்கறது நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட், 1881-ன் கீழ அந்தந்த மாநில அரசு அறிவிக்கற நாள்தான். 2023-ல பிரச்சினை இல்லை, நவம்பர் 12, ஞாயித்துக்கிழமை, ரெண்டு ஊருக்கும் ஒரே நாள். 2025-ல தமிழ்நாட்டுக்கு அக்டோபர் 20, திங்கள். மகாராஷ்டிராவுக்கு லட்சுமி பூஜை 21, பலிப்பிரதிபதா 22, அந்த ரெண்டு நாள்தான் லீவு. 20-ந் தேதி ஊர்ல எல்லாரும் புதுப்புடவை போட்டோ அனுப்பிக்கிட்டு இருக்காங்க, நான் லோன் ஃபைல் பார்த்துக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டை யார் சமைக்கறது, யார் சாப்பிடறது?

அதனாலதான் சொல்றேன். எண்ணெய்க் குளியலையும் இட்லியையும் விடியல்லயே வச்சுக்குங்க. அதை மாத்த வேண்டாம். பெரிய சாப்பாட்டை மட்டும் லட்சுமி பூஜை ராத்திரிக்கு நகர்த்துங்க. 20-ந் தேதி நான் அஞ்சு மணிக்குக் குளிச்சு, இட்லி சாப்பிட்டு, முலுண்ட்ல ரயில் ஏறிட்டேன். விருந்து 21-ந் தேதி ராத்திரி.

எங்க அத்தைக்கு (வீட்டுக்காரரோட அம்மா, திருநெல்வேலி) இது பிடிக்கலை. "தீபாவளிக்கு ராத்திரி இலை போடறதா? நாளும் கிழமையுமா?"ன்னாங்க. "சாமிக்குக் காலையிலயே படைச்சாச்சு அத்தை, இது மனுஷங்களுக்கு"ன்னேன். ஒண்ணும் சொல்லலை. பதில் சொல்லாட்டி பாதி சம்மதம்னு அர்த்தம் :-)

ரெண்டாவது, யாரைக் கூப்பிடறதுங்கறது. சமையல் லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஆள் லிஸ்ட் போடணும். நிறைய பேர் இதைத் தலைகீழாப் பண்றாங்க. மெனுவை முடிவு பண்ணிட்டு, அப்புறம் வர்றவங்க அதைச் சாப்பிடுவாங்களான்னு கவலைப்படறாங்க.

எங்க வீட்டுல அஞ்சு பேர். எதிர் வீட்டு மராட்டிக் குடும்பம் நாலு பேர். எங்க கிளையில புதுசா சேர்ந்திருக்கற விருதுநகர்ப் பையன், அவனோட ரூம்ல இருக்கற இன்னொரு பையன். லீவு கிடைக்காம, கிடைச்சாலும் டிக்கெட் கிடைக்காம மாட்டிக்கிட்டவங்க. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1-லேர்ந்து 60 நாளாக் குறைஞ்சிருக்கு, பண்டிகை டிக்கெட்டெல்லாம் திறந்த நிமிஷமே பறந்துடுது. அப்புறம் மூணாவது மாடி ஜைனப் பாட்டி. மொத்தம் பன்னண்டு பேர்.

பாட்டிக்காக மட்டும் கொஞ்சம் யோசிக்கணும். வெங்காயம், பூண்டு, உருளை, கேரட், பச்சை இஞ்சி, மண்ணுக்குள்ள விளையற எதுவும் ஆகாது. சூரியன் மறைஞ்ச பிறகு சாப்பிட மாட்டாங்க. அக்டோபர் கடைசியில இங்க ஆறு மணி சுமாருக்கே பொழுது சாஞ்சிடும். அவங்களுக்கும் தீபாவளி பெரிய நாள், மகாவீரர் நிர்வாணம் அடைஞ்ச நாள். அதனால அவங்களுக்கு அஞ்சு மணிக்கே ஒரு தட்டு: பருப்பு, நெய், சாதம், வாழைக்காய் வறுவல், பாயசம். வாழைக்காய் அவங்க வீட்டுல உருளைக்கிழங்குக்குப் பதிலாப் போடற காய்தான், தாராளமாச் சாப்பிடுவாங்க. அவங்களுக்குன்னு தனியா எதுவும் சமைக்கலை. எங்க மெனுவுலயே நாலு அயிட்டத்தை அவங்களுக்கு ஆகற மாதிரி வச்சேன், அவ்வளவுதான்.

எங்க ஊர்ப்பக்கம் தீபாவளின்னா கறி இல்லாமலா? அதை ஞாயித்துக்கிழமையே முடிச்சாச்சு. லட்சுமி பூஜை ராத்திரி, அக்கம்பக்கத்துக்காரங்க வர்ற வீட்டுல, சைவம்தான் மரியாதை.

மூணாவது, மெனு. இங்கதான் கத்திரிக்கோல் வேணும். கூட்டாக் குடும்பத்துல பெரியம்மா, சித்தி, அத்தைன்னு ஆறு பொம்பளைங்க சேர்ந்து செஞ்ச லிஸ்ட்டை, இங்க ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுல ஒருத்தி செய்ய நினைக்கிறா. ஆள் ஆறுலேர்ந்து ஒண்ணாயிடுச்சு, லிஸ்ட் மட்டும் குறையலை. காமர்ஸ் படிச்சவளுக்கு இது கண்ணை உறுத்துது.

நான் பார்க்கறது ரெண்டே விஷயம். ஒண்ணு, இதை முன்கூட்டியே செஞ்சு வைக்க முடியுமா? ரெண்டு, கடைசி ஒரு மணி நேரத்துல இதுக்கு அடுப்பு வேணுமா? என் வீட்டுல மூணு அடுப்புதான். கடைசி மணி நேரத்துல மூணு அயிட்டத்துக்கு மேல அடுப்பு கேட்டா, அந்த மெனு தப்பு.

எங்க மெனு இதான்: பால் பாயசம், பருப்பு நெய், பீன்ஸ் பருப்பு உசிலி, வாழைக்காய் வறுவல், உளுந்து வடை, சொதி, இஞ்சித் துவையல், எலுமிச்சை ரசம், தயிர், அப்பளம், ஊறுகாய்.

சொதி தெரியாதவங்களுக்கு: திருநெல்வேலிக்காரங்க மறுவீட்டு விருந்துல தவறாம வைக்கறது. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், பீன்ஸ், உருளை, கேரட். சொதி வச்சா சாம்பாரும் வேண்டாம், கூட்டும் வேண்டாம். காரம் குறைச்சல், அதனால மராட்டிக் குழந்தைகளும் சாப்பிடும். துணைக்கு இஞ்சித் துவையல் இருந்தா ராத்திரி வயித்துக்கும் பயமில்லை. புளியோதரை, பச்சடி, போளி, ரெண்டாவது ஸ்வீட் எல்லாத்தையும் அடிச்சுட்டேன். முறுக்கு, மிக்சர், அதிரசம் கடையில வாங்கிட்டேன். இதுக்கு அத்தை முகம் சுளிச்சாங்க, உண்மைதான். ஆனா எதிர் வீட்டுலேர்ந்து சக்லி, கரஞ்சி, அனார்சேன்னு ஒரு தட்டு நிறைய வந்தப்ப, "இது நம்ம சோமாசி, இது நம்ம அதிரசம்தான்டி"ன்னு அவங்கதான் முதல்ல எடுத்தாங்க.

அளவு கேக்கறவங்களுக்கு, பன்னண்டு பேருக்கு: அரிசி ஒண்ணேகால் கிலோ, வடைக்கு உளுந்து அரைக் கிலோ (30 வடைக்குக் குறையாது), பருப்புக்குத் துவரை 300 கிராம், சொதிக்குப் பாசிப்பருப்பு 200 கிராம், உசிலிக்குத் துவரையும் கடலையுமா கால் கிலோ, பீன்ஸ் ஒரு கிலோ (உசிலிக்கு முக்கால், சொதிக்குக் கால்), வாழைக்காய் எட்டு, தேங்காய் ஆறு, பாயசத்துக்கும் தயிருக்குமா பால் நாலரை லிட்டர். இலையோட சேர்த்து எனக்கு 2,500 ரூபாய் சுமாருக்கு முடிஞ்சுது.

நாலாவது, நாள் கணக்கு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டின காகிதத்தை அப்படியே தர்றேன்.

சனி (18): பேங்க் முடிஞ்சு வர்ற வழியில மாட்டுங்கா. ஸ்டேஷனை ஒட்டின மார்க்கெட்ல வாழை இலை, முருங்கைக்காய், வாழைக்காய், தேங்காய், அப்பளம். ஃபாஸ்ட் லோக்கல் மாட்டுங்காவுல நிக்காது, ஸ்லோதான். அன்னிக்குத் தன்தேரஸ் வேற, கூட்டத்துல இலை கிழியாம கொண்டு வர்றது ஒரு கலை. ஈரத்துணியில சுத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு நாள் தாங்கும்.

ஞாயிறு (19): மளிகை, பாத்திரம் எடுத்து வைக்கறது. பெரிய பாத்திரம் பத்தலைன்னா அன்னிக்கே அக்கம்பக்கத்துல சொல்லி வைக்கறது.

திங்கள் (20) ராத்திரி: பாயசம் குக்கர்ல. கைப்பிடி அரிசி, ரெண்டரை லிட்டர் பால், சிம்ல வச்சா தானா ஆயிடும். ஆறினதும் ஃப்ரிட்ஜ். பால் பாயசம் சில்லுன்னு இருந்தாத்தான் ருசி. உசிலிப் பருப்பை ஊற வச்சு, கொரகொரன்னு அரைச்சு, ஆவியில வேக வச்சு எடுத்து வச்சாச்சு. பாலுக்கு உறை. இஞ்சித் துவையல்.

செவ்வாய் (21) மத்தியானம்: உளுந்து ஒன்றரை மணி நேரம் ஊறி, மூணு மணிக்கு அரைச்சாச்சு. உப்புப் போடாம ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், உப்புப் போட்டா மாவு நீர்த்துடும். தேங்காய்ப்பால் மூணு பால் எடுத்தாச்சு. பருப்பு, உசிலி, வறுவல் நாலரைக்குள்ள முடிஞ்சுது. அஞ்சு மணிக்குப் பாட்டி.

ஆறரை: முதல் அடுப்புல சாதம், அஞ்சு லிட்டர் குக்கர்ல ரெண்டு தடவை. ரெண்டாவது அடுப்புல சொதி. காய் ரெண்டாம் பால், மூணாம் பால்ல வெந்திருக்கும், முதல் பாலைக் கடைசியில ஊத்தி நுரை கட்டினதும் இறக்கணும், கொதிக்க விட்டா திரிஞ்சு போகும். அது இறங்கினதும் அதே அடுப்புல ரசம், இறக்கின பிறகு எலுமிச்சை. மூணாவது அடுப்புல எண்ணெய்: முதல்ல அப்பளம், அப்புறம் வடை.

எட்டு மணி: மூணு அடுப்பும் ஆஃப்.

இந்த எட்டு மணிதான் முக்கியம். ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14-லேர்ந்து ராப்பகலா 24 மணி நேரமும் ஓடுது. கம்ப்யூட்டர் ஓடும். மனுஷி ஓட முடியாது. கட்-ஆஃப் வேணும். "வடை ஆறிப் போயிடுமே, ஆளுக்கு ஆள் சூடாப் போட்டா நல்லா இருக்குமே"ன்னு ஒரு குரல் எல்லா வீட்டுலயும் வரும். வடை கொஞ்சம் ஆறித்தான் போகும். ஆனா அந்தச் சூட்டு வடைக்காக ஒருத்தர் கடைசி வரைக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கணும். ஆறின வடை எனக்குச் சம்மதம்.

அஞ்சாவது, யார் எதைச் செய்யறதுங்கறது. இதுலதான் ஆம்பளைங்க கொஞ்சம் கோவிச்சுக்குவாங்க, பரவாயில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடற பொம்பளைங்க ஒரு நாளைக்கு அதுக்குச் செலவு பண்றது சராசரி 289 நிமிஷம். ஈடுபடற ஆம்பளைங்க 88 நிமிஷம். இது வருஷம் பூரா உள்ள சாதாரண நாள் கணக்கு. பண்டிகை நாள் எப்படி இருக்கும்னு நீங்களே பார்த்துக்குங்க.

"நான் ஹெல்ப் பண்றேனே"ம்பாங்க. ஹெல்ப்ங்கற வார்த்தையிலயே விஷயம் இருக்கு. வேலை என்னோடது, அவர் கை கொடுக்கறார்னு அர்த்தம். பாதி வீடுகள்ல சமையல்கட்டு மனைவி பேர்ல மட்டும் இருக்கற அக்கவுண்ட், கணவர் நாமினி. ஆபரேட் பண்ண மாட்டார், கடைசியில மொத்தமும் அவருக்கு வந்து சேரும் :-) அதை ஜாயின்ட் அக்கவுண்ட்டா மாத்தணும்.

எங்க வீட்டுல அயிட்டத்தையே பிரிச்சுக் கொடுத்துட்டேன். சாதமும் வடையும் வீட்டுக்காரர் பொறுப்பு. உளுந்து ஊற வைக்கறதுலேர்ந்து உப்புப் போடறது வரைக்கும் அவர்தான். எப்ப ஊறப் போடணும்னு நான் ஞாபகப்படுத்த மாட்டேன். ஞாபகப்படுத்தறதே ஒரு வேலைன்னு நிறையப் பேருக்குப் புரியறதில்லை. வறுவலும் துவையலும் பொண்ணு, காலேஜ் போறா. தரையைத் துடைச்சு ஜமுக்காளம் விரிக்கறது, இலை கழுவறது, தண்ணி வைக்கறது எட்டாவது படிக்கிற பையன். சொதி, உசிலி, பாயசம் நான். ரசம் அத்தை. எல்லாத்துலயும் உப்புப் பார்க்கறதும் அத்தைதான். பேங்க்ல மேக்கர்-செக்கர்னு வச்சிருக்கோம், என்ட்ரி போடறவரே பாஸ் பண்ணக் கூடாது. எங்க வீட்டு செக்கர் அவங்கதான், ரொம்ப ஸ்ட்ரிக்ட். வீட்டுக்காரர் மாவை ரெண்டு தடவை ரிஜெக்ட் பண்ணினாங்க.

அந்த ரெண்டு பசங்களையும் மத்தியானமே வரச் சொல்லிட்டேன். தேங்காய் உடைச்சுத் துருவறது, பால் எடுக்கறது, அப்பளம் பொரிக்கறது அவங்க வேலை. விருந்தாளிகிட்ட வேலை வாங்கறதான்னு கேப்பீங்க. ரூம்ல தனியா கிடக்கற பிள்ளைங்களுக்கு ஏழு மணிக்கு வந்து கையைக் கழுவிட்டு உக்கார்றதுதான் கூச்சமா இருக்கும். விருதுநகர்ப் பையன் துருவலோட உக்காந்து அவங்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். "ஏலே, வீட்டுல ஒரு நாள் துருவியிருப்பியா நீ?"ன்னு அந்தம்மா சிரிக்கறாங்க. அப்புறம் போனை என்கிட்ட கொடுக்கச் சொல்லி, "அக்கா, சாப்பிட்டானா அவன்?"னு கேட்டாங்க. அந்தக் குரலுக்காகவே இன்னொரு பத்துத் தேங்காய் வாங்கலாம்.

ஆறாவது, பரிமாறறது. பந்தி வேண்டாம். முதல் பந்தி ஆம்பளைங்க, குழந்தைங்க, ரெண்டாவது பந்தி மிச்சப்பட்டவங்கங்கற ஏற்பாடு அம்பது பேர் சாப்பிடற கல்யாண வீட்டுக்கு. பதினோரு பேருக்கு எதுக்கு? ஹால்ல சோபாவைச் சுவரோரமா நகர்த்தி, ரெண்டு வரிசையா இலை. உப்பு, ஊறுகாய், துவையல், பாயசம், உசிலி, வறுவல், வடை, அப்பளம் எல்லாத்தையும் இலையில முன்னாடியே வச்சாச்சு. சாதம், பருப்பு, சொதி, ரசம், தயிர் நடுவுல, ஒவ்வொண்ணுலயும் கரண்டியோட. வேணுங்கறவங்க எடுத்துக்கலாம், பக்கத்துல இருக்கறவங்களுக்குப் போடலாம். முழங்கால் வலி இருக்கற அத்தைக்கும் எதிர் வீட்டு ஆஜிக்கும் மேஜை. எட்டரைக்குப் பதினோரு பேரும் ஒரே நேரத்துல உக்காந்தோம். யாரும் நிக்கலை.

இப்ப எதிர்வாதத்துக்கு வர்றேன், அதுலயும் நியாயம் இருக்கு. எங்கம்மா போன்ல கேட்டாங்க: "நாங்கெல்லாம் செய்யலையா? பண்டிகைன்னா நாலு வேலை இருக்கத்தான் செய்யும். அலுப்புப் பார்த்தா பண்டிகை எதுக்கு?" செஞ்சாங்க. நான் மறுக்கலை. அவங்க கையால சாப்பிட்ட அதிரசம் இன்னிக்கும் நாக்குல இருக்கு. ஆனா எங்கம்மா தீபாவளி அன்னிக்கு எங்களோட உக்காந்து சாப்பிட்ட மாதிரி ஒரு காட்சியை நான் எவ்வளவு யோசிச்சும் எனக்கு ஞாபகத்துக்கு வரலை. அவங்க சாப்பிட்டது மூணரை மணிக்கு, சமையல்கட்டு வாசல்ல, வழிச்ச பாத்திரத்தோட. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பசி அப்ப மரத்துப் போயிருக்கும்டி"ன்னாங்க.

இந்த ஒரு வழக்கத்தை நம்ம பொண்ணுங்களுக்குக் கொடுத்துட்டுப் போகக் கூடாதுன்னுதான் இவ்வளவும் எழுதறேன். அதிரசம் கைமாறட்டும், சொதி கைமாறட்டும், விடியக்காலை எண்ணெய்க் குளியல் கைமாறட்டும். மரத்துப் போன பசி கைமாற வேண்டாம். நம்ம பிள்ளைங்க பாதிப் பேருக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போறதே பெரிசு. அவங்களுக்கு ஊர்ங்கறது கோயிலோ ஆத்தங்கரையோ இல்லை, வீட்டுல வருஷத்துக்கு மூணு நாலு நாள் போடற இலைதான். அந்த நாளும் அம்மா எரிஞ்சு விழற நாளா ஆயிட்டா, அதுங்க ஓட்டலைத்தான் தேடும். அதுங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

செம்பூர்த் தோழிக்கும் இந்தக் காகிதத்தைக் காப்பி எடுத்துக் கொடுத்தேன். அவங்க முழுசா ஒத்துக்கலை. தஞ்சாவூர்க்காரங்களுக்கு சாம்பார் இல்லாத இலை இலையே இல்லையாம். சொதியை எடுத்துட்டு சாம்பார் வச்சுக்கிட்டாங்க, ரெண்டு ஸ்வீட்டை ஒண்ணாக் குறைச்சாங்க, பொண்ணுகிட்ட வடையை ஒப்படைச்சாங்க. வடையில பாதிக்கு ஓட்டையே இல்லைன்னு புகார். பொண்ணு ஓட்டலைப் பத்திப் பேசலையாம்.

2026-ல தீபாவளி நவம்பர் 8, ஞாயித்துக்கிழமை. மும்பைக்கும் திருநெல்வேலிக்கும் ஒரே நாள், லீவுச் சண்டை இல்லை. தீபாவளிதான்னு இல்லை, பொங்கலுக்கும் வருஷப் பிறப்புக்கும் இதே கணக்கு ஒத்து வரும். மெனு உங்க இஷ்டம், ஊர் உங்க இஷ்டம். சாம்பாரா சொதியான்னு நான் சண்டைக்கு வர மாட்டேன். லிஸ்ட் போடறப்ப மேல முதல் வரியில ஒண்ணை மட்டும் எழுதிடுங்க: எத்தனை மணிக்கு அடுப்பை அணைக்கிறோம்? அதை எழுதிட்டு, கீழ எத்தனை அயிட்டம் அடங்குதோ அத்தனை போதும்.

உங்க வீட்டுல சமைக்கறவங்க எத்தனை மணிக்குச் சாப்பிடறாங்க? இன்னிக்கு ராத்திரி கேட்டுப் பாருங்களேன்.